பன்றி இல்லாமல் பொசோலே: மாட்டுக்கறியும் சுண்ணாம்பில் வெந்த வெள்ளை மக்காச்சோளமும்

கடலோரக்காரி எழுதியது:

பொசோலே, அதாவது கறியும் மக்காச்சோளமும் சேர்ந்து வேகும் மெக்சிகோச் சாறு, சமைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம், வீட்டில் பன்றி இறைச்சி கிடையாது, ஹலால் மாட்டுக்கறிதான். மெக்சிகோக் கடைகளுக்கு இங்கே குறைவில்லை, பொருள் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் பார்க்கிற செய்முறை எல்லாமே பன்றித் தோள், பன்றித் தலை, பன்றிக் கால் என்றுதான் தொடங்குகிறது, கடைசியில் ஒரு வரியில் "வேண்டுமானால் அதே அளவு மாட்டுக்கறி போடலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது மெக்சிகோவில் யாராவது வீட்டில் சாப்பிடுகிற சாப்பாடாக இருக்குமா, இல்லை நாமாக இட்டுக்கட்டியதாக இருக்குமா? எனக்கு இது முக்கியம். பிரியாணியில் கண்டதையும் போட்டுவிட்டுப் பிரியாணி என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் அவர்களுக்கு என் மேல் வரக்கூடாது.

இரண்டாவது, மக்காச்சோளம். கடையில் ஹாமினி என்று டப்பாவில் இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய பெரிய வெள்ளை மணிகளாகக் காய்ந்த மக்காச்சோளம் பையில் இருக்கிறது. அதைச் சுண்ணாம்பில் வேகவைக்க வேண்டும் என்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பா? எட்டுப் பேருக்குச் சமைக்க வேண்டும். சுருக்கமாக வேண்டாம், விவரமாகவே சொல்லுங்கள்.

---

குவாதலஹாரா குடித்தனம் எழுதியது:

நான் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறேன், சிவப்புப் பொசோலேயின் சொந்த ஊர். உள்ளதைச் சொல்கிறேன், இங்கே பொசோலே என்றால் பன்றிதான், அடுத்ததாகக் கோழி. செப்டம்பர் 15 இரவு, சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவு, இந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் பெரிய பானையில் பன்றித் தலையும் சோளமும் கொதிக்கிற வாசனைதான். பன்றிக் காலிலும் தலையிலும் இருக்கிற பசைதான் சாற்றுக்கு உடம்பு கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாட்டுக்கறியை வைத்தால் சாறு வேறு, வாசனை வேறு, வாயில் நிற்கிற விதமும் வேறு.

உங்களுக்குப் பன்றி ஆகாது என்றால் கோழியில் செய்யுங்கள். கெரெரோ மாநிலத்தில் பூசணி விதையும் தொமத்தியோ என்ற பச்சைத் தக்காளி வகையும் அரைத்துச் செய்கிற பச்சைப் பொசோலேயைக் கோழியில் நிறையப் பேர் செய்கிறார்கள். அங்கே வியாழக்கிழமை என்றாலே பொசோலே நாள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

---

வடக்குப்பாலை எழுதியது:

குடித்தனம் சொல்வது ஹலிஸ்கோவுக்குச் சரி. மெக்சிகோ முழுவதும் ஹலிஸ்கோ இல்லை. நான் இருப்பது எர்மொசியோவில், சொனோரா மாநிலத் தலைநகர். இங்கே மாட்டுக்கறியும் சுண்ணாம்புச் சோளமும் சேர்ந்த பானை எதற்கும் மாற்றாக வந்தது கிடையாது, அதுவே தலைமுறை தலைமுறையாக இருக்கிற வீட்டுச் சாப்பாடு.

மூன்று பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கயீனா பின்ட்டா. மாட்டு வால், கெண்டைக்கால் எலும்புக்கறி, வெள்ளைச் சோளம், பின்ட்டோ பீன்ஸ் என்ற புள்ளிப் பயறு எல்லாம் ஒரே பானையில் மணிக்கணக்கில் வேகும். இரண்டாவது மெனூதோ, மாட்டுக் குடல், மாட்டுக் கால், சோளம். நாட்டின் நடுப்பகுதியில் இதைச் சிவப்பு மிளகாய் போட்டுச் செய்வார்கள், பெரும்பாலும் சோளம் போட மாட்டார்கள். சொனோராவில் மிளகாய் அரைத்துச் சேர்க்காமல் வெள்ளையாகச் செய்து சோளத்தைத் தாராளமாகப் போடுவார்கள், சனி ஞாயிறு காலையில் கடை வாசலில் கூட்டம் நிற்கும். மூன்றாவது கோதுமைப் பொசோலே, சோளத்துக்குப் பதில் முழுக் கோதுமை, மாட்டுக்கறி.

இதற்குக் காரணம் ஊரின் வரலாறு. 1687-இல் எவுசேபியோ கீனோ என்ற இயேசு சபைப் பாதிரியார் இந்த வறண்ட வடக்குக்கு வந்து மிஷன்களைத் தொடங்கினார். அவற்றோடு மாட்டு மந்தைகளும் கோதுமையும் இந்தப் பக்கம் பரவின. அன்றிலிருந்து சொனோரா மாட்டு நாடு. இன்றைக்கும் நாடு முழுக்க சொனோரா மாட்டுக்கறி என்றால் தனி மதிப்பு. இங்கே வாழும் யாக்கி பழங்குடி மக்கள் கோயில் திருவிழாக்களில் பெரிய பானைகளில் மாட்டு எலும்பு, கொண்டைக்கடலை, காய்கறி போட்டு வகபாக்கி என்று ஊருக்கே சமைக்கிறார்கள். மாட்டெலும்புச் சாறுதான் இந்த நிலத்துக்கு அடிப்படை.

கடலோரக்காரி, நீங்கள் சமைக்க வேண்டியது கயீனா பின்ட்டா. எந்தச் செய்முறையிலும் பன்றியை அடித்துவிட்டு மாட்டை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

---

குவாதலஹாரா குடித்தனம் எழுதியது:

கயீனா பின்ட்டா இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டது பொசோலே பற்றி. பொசோலேயின் வேர் மிகப் பழையது. சஹாகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார் ஆஸ்டெக் மக்களின் வழக்கங்களைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஃபுளோரன்ஸ் சுவடியிலேயே, ஷீப்பே தோத்தெக் என்ற தெய்வத்தின் விழாவில் பலியிட்ட கைதியின் மாமிசத்தைச் சோளத்தோடு வேகவைத்த சடங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்பானியர்கள் வந்து அதைத் தடுத்த பிறகு அந்த இடத்துக்குப் பன்றி வந்தது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் பன்றி என்பது வெறும் கறிக்கடைத் தேர்வு கிடையாது என்கிறேன்.

---

மணிச்சோளம் எழுதியது:

இந்த நரமாமிசக் கதையைப் பொசோலே பற்றி எங்கே பேசினாலும் யாராவது கொண்டுவருகிறார்கள். சஹாகூன் எழுதியது உண்மை. ஆனால் அது குறிப்பிட்ட விழாவில், குறிப்பிட்ட சிலர் மட்டும் உண்ட சடங்கு உணவு. சாதாரணக் குடும்பங்கள் சோளத்தைத் தினமும் சுண்ணாம்பில் வேகவைத்துத்தான் சாப்பிட்டார்கள், கறி என்றால் வான்கோழியோ வேட்டையில் கிடைத்ததோ. பன்றியும் மாடும் இரண்டுமே 1519-இல் ஸ்பானியர்கள் வந்த பிறகு கப்பலில் வந்தவை. அப்புறம் ஒன்று மரபு, இன்னொன்று புதுசு என்று எப்படிப் பிரிப்பது? கப்பல் வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பானைக்கு அடிப்படையாக இருப்பது சோளம்தான். கறி இடத்துக்கு இடம் மாறும், சோளம் மாறாது. அதனால் கேள்வியைச் சோளத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

நான் தொலூக்கா பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருக்கிறேன், பொசோலேக்குப் போடுகிற ககவசிந்த்லே சோளம் விளைகிற இடம். கடலோரக்காரி கடையில் பார்த்த பெரிய வெள்ளை மணி அநேகமாக அதுதான். மணி பெரிதாக இருக்கும், உள்ளே மாவு மெத்தென்று இருக்கும், வேகும்போது வெடித்து விரியும். நம் ஊரில் கோழித் தீவனத்துக்குப் போகிற மஞ்சள் மக்காச்சோளம் கெட்டியான வகை, அதை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் இப்படி மலராது.

இனி சுண்ணாம்பு. தேவைப்படுவது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்பு. வெற்றிலைச் சுண்ணாம்பும் வேதிப்பொருள் அளவில் அதுவேதான். ஆனால் கடையில் விற்கிற வெற்றிலைச் சுண்ணாம்பில் சில சமயம் வாசனை, நிறம் எல்லாம் சேர்க்கிறார்கள், பசையாக இருப்பதால் அளவும் பிடிபடாது, அதனால் வேண்டாம். மெக்சிகோக் கடையில் சமையலுக்கென்று "கால்" (cal) என்ற பெயரில் சின்னப் பையில் தூளாகக் கிடைக்கும். அமெரிக்கக் கடைகளில் ஊறுகாய் போடுவதற்கென்று விற்கிற சுண்ணாம்பும் சரி. ஒன்றே ஒன்று, நீர்க்காத கற்சுண்ணாம்பை, அதாவது கட்டியாக இருப்பதை, கையில் எடுக்காதீர்கள். அது தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

அளவு: 1 கிலோ காய்ந்த சோளத்துக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். உங்கள் எட்டுப் பேருக்கு அரைக் கிலோ சோளம் போதும், வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது எனாமல் பூசிய பாத்திரம் எடுங்கள். தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைப் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20, 25 நிமிடம் விடுங்கள். வெள்ளைச் சோளம் மஞ்சளாக மாறும், பயப்பட வேண்டாம். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள், தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். பிறகு குழாய்த் தண்ணீரில் இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், தண்ணீர் தெளிவாக வரும்வரை. இதில் சோம்பல் பட்டால் சாற்றில் சுண்ணாம்பு வாடை அடிக்கும்.

கழுவிய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மணியின் அடியிலும் கூராக ஒரு மூக்கு இருக்கும், கதிரோடு ஒட்டியிருந்த இடம். அதை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். மூக்கு இருந்தால் மணி முழுதாகவே வெந்து நிற்கும், எடுத்துவிட்டால் பூ மாதிரி விரியும். மெக்சிகோவில் பலர் இந்த வேலைக்கு வீட்டில் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்துவிடுவார்கள், இல்லையென்றால் சந்தையில் கிள்ளி வைத்ததாகவே வாங்கிவிடுவார்கள்.

அப்புறம் வெறும் தண்ணீரில், உப்பில்லாமல், மணி விரியும்வரை வேகவைக்க வேண்டும். இரண்டு மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம், சோளம் எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. உப்பை முன்னாலேயே போட்டால் மணி விரியாது என்று இங்கே சமைக்கிற பெண்கள் அத்தனை பேரும் சொல்கிறார்கள், நானும் விரிந்த பிறகுதான் போடுகிறேன்.

சுண்ணாம்பு எதற்கு என்று கேட்பீர்கள். தோல் கழற்ற மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற உயிர்ச்சத்து உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது, சுண்ணாம்பில் வெந்தால்தான் விடுபடும். ஐரோப்பாவுக்குச் சோளத்தைக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பு வைக்கிற வழக்கத்தைக் கொண்டுபோகவில்லை. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெலாக்ரா என்ற நோய், தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து இறந்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கொடுமை. இது தொற்று கிடையாது, உணவுக் குறைபாடு என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1914-இலிருந்து போராடி நிறுவினார், காரணம் நியாசின்தான் என்பது 1937-இல் கான்ராட் எல்வெஹெம் ஆய்வில் தெளிவானது. மெக்சிகோவின் பாட்டிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கையில் வைத்திருந்த வழக்கம் இது. அதனால்தான் இந்தச் சாப்பாட்டில் சோளத்தை யாராவது துணைப்பொருள் மாதிரிப் பேசினால் எனக்குத் தாங்காது.

---

ரொறன்ரோ அடுப்பு எழுதியது:

மணிச்சோளம் அண்ணை எழுதினது அருமை. ஆனால் எங்கட பக்கத்தில் காய்ந்த சோளம் லேசில் கிடைக்காது, ரின்னில் வாற ஹாமினிதான் இருக்கு. அதைப் போட்டால் பாழா? வேலைக்குப் போற ஆக்கள் நாலு மணித்தியாலம் சோளத்துக்குப் பக்கத்தில் நிக்க ஏலாதே.

---

மணிச்சோளம் எழுதியது:

பாழ் கிடையாது. டப்பாச் சோளமும் சுண்ணாம்பில் வெந்ததுதான், மெக்சிகோவிலேயே எத்தனையோ வீடுகளில் வார நாட்களில் அதைத்தான் திறக்கிறார்கள். ஆனால் அது ஏற்கெனவே முழுதாக வெந்தது, இனி விரியாது, கறிச்சாற்றை உறிஞ்சவும் அதற்கு அவ்வளவு இடம் இல்லை. டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவி, கறி வெந்து முடியப் போகிற கடைசி 40 நிமிடத்தில் போடுங்கள். சாறு கொஞ்சம் நீர்த்து இருப்பதாகப் பட்டால் ஒரு கைப்பிடி சோளத்தை அதே சாற்றில் அரைத்துத் திருப்பி ஊற்றுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, முடிந்தால் அதைத் தேடுங்கள். தோல் நீக்கி, மூக்குக் கிள்ளி, பாதி வேகவைத்துக் காற்றில்லாப் பையில் அடைத்த சோளம், மெக்சிகோக் கடையில் குளிர்பெட்டிப் பக்கம் இருக்கும். சுண்ணாம்பு வேலை முழுக்க மிச்சம், ஆனால் மணி உங்கள் பானையில்தான் விரியும்.

---

ஆவிவிசில் எழுதியது:

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன், வாரக்கடைசியில் அடிக்கடி செய்வேன். தோல் நீக்கிய காய்ந்த சோளத்தைக் குக்கரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், அடுப்பு நாள் முழுக்க எரிய வேண்டாம். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சோளம் நுரைத்துக்கொண்டு ஆவித் துவாரத்தை அடைக்கும். ஆவி தானாக அடங்கட்டும், அவசரமாகத் திறந்தால் மணி உடைந்து மாவாகிவிடும்.

ஆனால் கறியைக் குக்கரில் வைக்காதீர்கள் என்று சொல்வேன். வால் கறி குக்கரில் வெந்துவிடும், சந்தேகமில்லை, சாறு மட்டும் கலங்கிப்போய் ஒரு மாதிரி மந்தமாக இருக்கும். தனியாகச் சின்னத் தீயில் மூன்று மணி நேரம் விட்டால் கிடைக்கிற சாறு வேறு.

---

கடலோரக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோளம் புரிந்துவிட்டது, காய்ந்ததையே வாங்கப்போகிறேன், மூக்குக் கிள்ள வீட்டில் ஆள் இருக்கிறார்கள். வடக்குப்பாலை, கயீனா பின்ட்டாவை அளவோடு எழுதுங்களேன். எந்தக் கறி, எவ்வளவு, எது முதலில்? அப்புறம் என் கை தன்னாலே சீரகத்துக்கும் மிளகுக்கும் பட்டைக்கும் போகும். போடலாமா? சிவப்பாகச் செய்யவும் ஆசை, அது சொனோராவில் உண்டா?

---

வடக்குப்பாலை எழுதியது:

எட்டுப் பேருக்கு: மாட்டு வால் ஒன்றரைக் கிலோ, எலும்போடு வட்டமாக வெட்டிய கெண்டைக்கால் ஒரு கிலோ. எலும்பு மஜ்ஜை நடுவில் தெரிகிற துண்டாகக் கேளுங்கள். வால்தான் பசை கொடுக்கும், குடித்தனம் சொன்ன பன்றிக் காலின் வேலையை இங்கே வால் செய்கிறது. விலை அதிகம் என்றால் வாலைக் குறைத்து ஒரு மாட்டுக் காலைப் பிளந்து போடுங்கள், பசைக்குப் பசை ஆச்சு. நெஞ்சுக்கறியும் நன்றாக இருக்கும். எலும்பில்லாத மெலிந்த துண்டுகள் வேண்டவே வேண்டாம், மூன்று மணி நேரத்தில் நார் நாராகக் காய்ந்துவிடும். "பன்றிக்குப் பதில் அதே அளவு மாட்டுக்கறி" என்று எழுதுகிறவர்கள் சறுக்குகிற இடம் இதுதான்.

பின்ட்டோ பீன்ஸ் 200 கிராம், முந்தின இரவே ஊறவையுங்கள். ஒரு முழு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு உரிக்காமல் குறுக்கே வெட்டியது.

கறியை 5 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வரும்போது மேலே வருகிற நுரையை எல்லாம் எடுத்துவிட வேண்டும், அந்தப் பத்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு வெங்காயம், பூண்டு போட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். ஒன்றரை மணி நேரம் கழித்து ஊறிய பீன்ஸைப் போடுங்கள். தனியாக வெந்து விரிந்த சோளத்தை, அது வெந்த தண்ணீரில் பாதியோடு, கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். இங்கே பாட்டிமார் எல்லாவற்றையும் ஒரே பானையில் ஒரே நேரத்தில் போடுகிறார்கள், அவர்களுக்கு அவர்கள் சோளம் எவ்வளவு நேரத்தில் வேகும் என்று கைக்குத் தெரியும். நமக்குத் தெரியாத சோளம் என்றால் தனியாக வேகவைப்பதுதான் பத்திரம், கறி கரைந்துபோய்ச் சோளம் இன்னும் கல்லாக இருக்கிற நிலை வராது. உப்பு இப்போதுதான். நெருப்பில் சுட்டுத் தோல் உரித்த நீளமான பச்சை மிளகாய் நான்கு, அனஹைம் என்று விற்பார்கள், காரம் ரொம்பக் கம்மி. அதைக் கீறிப் போடுங்கள். ஒரு கட்டு கொத்தமல்லியை நூலால் கட்டிக் கடைசிக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு எடுத்துவிடுங்கள்.

மசாலா கேட்டீர்கள். பட்டை, மிளகு, சீரகம் மூன்றும் வேண்டாம். குறிப்பாகச் சீரகம். ஒரு தேக்கரண்டி போட்டால்கூடச் சோளத்தின் வாசனை இருந்த இடம் தெரியாமல் போய்விடும், அந்த வாசனைக்காகத்தானே இத்தனை மணி நேரம். காரத்துக்கு மேசையில் சில்தெபீன் வையுங்கள். பட்டாணியை விடச் சின்னதாக உருண்டையாக இருக்கிற காட்டு மிளகாய், சொனோரா மலைகளில் தானாக விளைவது, கையால் பறிக்கிறார்கள். சாப்பிடுகிறவர் அவரவர் கிண்ணத்தில் இரண்டு மூன்றை நசுக்கிப் போட்டுக்கொள்வார். சுள்ளென்று ஏறும், சீக்கிரம் இறங்கிவிடும்.

சிவப்பாகவும் செய்யலாம், இங்கேயும் சில வீடுகளில் சிவப்பு மிளகாய் விழுது சேர்ப்பார்கள். ஆனால் அந்த விழுதுக்குக் குடித்தனம்தான் சரியான ஆள்.

---

குவாதலஹாரா குடித்தனம் எழுதியது:

எழுதுகிறேன். மாட்டு வாலில் செய்வதைப் பற்றி வடக்குப்பாலை சொன்ன பசைக் கணக்கு சரி, அந்த அளவில் என் ஆட்சேபத்தை விட்டுவிடுகிறேன். பன்றித் தோளுக்குப் பதில் மெலிந்த மாட்டுத் தொடைக்கறி என்பதைத்தான் நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன்.

காய்ந்த குவாஹியோ மிளகாய் 6, ஆன்ச்சோ 2. குவாஹியோ நிறத்துக்கும் லேசான புளிப்புக்கும், ஆன்ச்சோ ஒரு பழ இனிப்புக்கு. காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு வெறும் தோசைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு விநாடி மட்டும் காட்டுங்கள், வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் கசக்கும், அந்தக் கசப்பைப் பானையில் எதைப் போட்டும் மறைக்க முடியாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நான்கு பல் பூண்டு, கால் வெங்காயம், கொஞ்சம் கறிச்சாறு சேர்த்து நைசாக அரைத்து, வடிகட்டுங்கள். வடிகட்டுவதை விடவே கூடாது, குவாஹியோ தோல் தடிமன், எவ்வளவு அரைத்தாலும் சக்கை நாக்கில் தட்டும். பிறகு இரண்டு கரண்டி எண்ணெயில் அந்த விழுதை ஊற்றி ஏழெட்டு நிமிடம் நிறம் ஆழமாகும்வரை வதக்கிப் பானையில் சேர்த்து, இன்னொரு அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும்.

மாட்டுக்கறிக்கு நான் ஒன்று மாற்றுவேன். ஆன்ச்சோவைக் கூட்டாதீர்கள், மாட்டுச் சாறு ஏற்கெனவே கனமானது, ஆன்ச்சோ அதிகமானால் திகட்டிவிடும். குவாஹியோ முன்னால் நிற்கட்டும். அப்புறம் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு பன்றிக் கொழுப்பை விடச் சீக்கிரம் உறையும், கிண்ணம் கொஞ்சம் ஆறினாலே மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். சோளம், பீன்ஸ், மிளகாய் எதையும் சேர்க்காமல் கறிச்சாறை முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு தகடாக உறைந்து நிற்கும், அப்படியே எடுத்துவிடலாம். முழுக்க எடுக்காதீர்கள், இரண்டு கரண்டி விடுங்கள். நான் சொன்ன எண்ணெய்க்குப் பதில் விழுதை அந்தக் கொழுப்பிலேயே வதக்கலாம்.

பீன்ஸ் போட்ட கயீனா பின்ட்டாவுக்குச் சிவப்பு விழுது போட்டால் எனக்குப் பிடிப்பதில்லை, சொல்லிவிடுகிறேன். சிவப்பு வேண்டுமென்றால் பீன்ஸை விட்டுவிட்டுச் செய்யுங்கள், பீன்ஸ் வேண்டுமென்றால் வெள்ளையாக விடுங்கள்.

---

வடக்குப்பாலை எழுதியது:

கடைசிப் பத்தியை நான் ஏற்க மாட்டேன். இரண்டும் ஒன்றாக உள்ள பானையில் நான் இங்கே சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் சரி, முக்கியமாகக் கொழுப்பு பற்றியது.

---

ரொறன்ரோ அடுப்பு எழுதியது:

குவாஹியோ இல்லாட்டி காஷ்மீரி மிளகாய் போடலாமோ? எங்கட வழக்கமான செத்தல் மிளகாய் போட்டால்?

---

குவாதலஹாரா குடித்தனம் எழுதியது:

காஷ்மீரி போடலாம், நிறம் வரும், காரமும் அடங்கியிருக்கும். குவாஹியோவில் இருக்கிற அந்தப் புளிப்பும் சதைப்பற்றும் வராது. செத்தல் மிளகாய் ஆறு போட்டால் யாரும் சாப்பிட முடியாது. அதை ஒன்றிரண்டு தனியாக வறுத்து அரைத்து, மேசையில் வைக்கிற காரச் சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அந்த வேலையை ஆர்போல் மிளகாய் செய்கிறது.

மேலே போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே, அது இல்லாமல் பொசோலே பாதிதான். மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ் அல்லது லெட்யூஸ், வட்டமாகச் சீவிய முள்ளங்கி, பொடி வெங்காயம், எலுமிச்சை, உள்ளங்கையில் தேய்த்துத் தூவுகிற ஓரிகனோ, பக்கத்தில் தொஸ்தாதா என்ற மொறுமொறு மக்காச்சோள ரொட்டி. ஓரிகனோ மெக்சிகோ வகையாக இருக்கட்டும். பீட்சாவில் தூவுகிறது வேறு செடி, வாசனையும் வேறு. கனமான சாற்றுக்கு மேலே இந்தப் பச்சை நறநறப்பும் புளிப்பும் சேர்ந்தால்தான் இரண்டாவது கிண்ணம் கேட்கத் தோன்றும். மாட்டுக்கறியில் செய்தால் எலுமிச்சை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே வேண்டும்.

---

கடலோரக்காரி எழுதியது:

சமைத்தாயிற்று! பீன்ஸ் போட்டு வெள்ளையாக, வடக்குப்பாலை சொன்னபடி, வாலும் கெண்டைக்காலும். சாறை முந்தின நாள் வைத்துக் கொழுப்பை எடுத்தேன், தகடு தகடாக வந்தது. சோளம் ஆவிவிசில் சொன்ன குக்கர் வழியில். முக்கால் மணி நேரத்தில் பாதி மணிதான் விரிந்திருந்தது, இன்னொரு கால் மணி நேரம் வைத்ததும் எல்லாம் மலர்ந்துவிட்டது. சிவப்பு விழுதைத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன், வேண்டியவர்கள் கலந்துகொண்டார்கள், அதனால் உங்கள் இரண்டு பேர் சண்டையும் என் வீட்டுக்குள் வரவில்லை.

சுண்ணாம்பில் வெந்து தோல் கழன்ற சோளத்துக்கு ஒரு வாசனை வருகிறதே, அதை யாராலும் எழுதிக் காட்ட முடியாது. டப்பாச் சோளத்தை ஒரு கிண்ணம் தனியாகச் சுடவைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். டப்பா மென்மையாக, வழுவழுவென்று இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. காய்ந்ததிலிருந்து செய்தது பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்துவிட்டுப் பிறகு மாவாகிறது, உள்ளே கறிச்சாறு ஏறியிருக்கிறது. மசாலா எதுவும் போடாமல் இத்தனை ருசியா என்று என் மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது எதற்கும் பதிலாக வைத்த சாப்பாடாகத் தோன்றவே இல்லை, எனக்கு வேண்டியது அதுதான்.

இரண்டு கேள்வி பாக்கி. சாறு தெளிவாக இல்லாமல் லேசாகப் பழுப்பாகக் கலங்கி இருந்தது, அப்படித்தான் இருக்குமா? மீதியை எப்படி வைப்பது?

---

வடக்குப்பாலை எழுதியது:

அப்படித்தான் இருக்கும். பீன்ஸ் நிறம் விடும், சோளத்தின் மாவு கரையும், இந்தப் பானையில் தெளிந்த சாறு வந்தால்தான் எங்கோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், பெரிய பானையாக அப்படியே வைத்தால் நடுவில் ஆறாது. மூன்று நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். சோளம் இரவோடு இரவாகச் சாற்றைக் குடித்துவிடும், அதனால் சுடவைக்கும்போது தண்ணீர் சேர்த்து உப்புப் பாருங்கள். உறையவும் வைக்கலாம், சோளத்துக்கும் பீன்ஸுக்கும் ஒன்றும் ஆகாது. இங்கே மறுநாள் கிண்ணத்தோடு சுடச்சுட மைதா டொர்ட்டியா ரொட்டி வைப்பார்கள், கோதுமை ஊர் ஆச்சே, கிடைத்தால் வைத்துப் பாருங்கள்.

---

ஆவிவிசில் எழுதியது:

வடக்குப்பாலை, அந்தக் கோதுமைப் பொசோலேயையும் அளவோடு எழுதுங்கள். முழுக் கோதுமை என் வீட்டிலேயே இருக்கிறது, சுண்ணாம்பு வேலையும் கிடையாது.

---

வடக்குப்பாலை எழுதியது:

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். காய்கறி நிறைய வரும், கறியும் வேறு மாதிரி வெட்ட வேண்டும், இங்கேயே எழுதினால் பிறகு தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.